பீப்பாய்க்காரர்களின் ஒன்றுகூடல்

என் குடும்பப் பெயர் ஓர் ஆங்கிலப் பெயர். பீப்பாய் செய்கிறவன் என்று பொருள். எங்கள் பரம்பரையில் ஒருவரும் பீப்பாயைத் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புக்கு உதவிய சீமைக் குடும்பத்தின் பெயரையே வைப்பது அந்தக் கால வழக்கம். அப்பாவின் பாட்டனுக்கு அப்படி ஒட்டிய பெயர் இன்னும் உரியவில்லை. கேட்காமல் வைத்தார்களே என்ற கோபம் எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடம் என் மகள் பிள்ளைத்தாச்சி. மருமகன் தமிழ்நாட்டுக்காரர், அவர் வீட்டில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. மகள் போனில் கேட்டாள்.

"அப்பா, பிள்ளைக்கு எங்கட பேரை வைக்கிறதோ, விடுறதோ? இது எங்கட பேர்தானோ? நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அறுபது வயதில் சொந்தப் பெயர் சொந்தமா என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு எரிச்சல்!

அதே வாரம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பெயரே உள்ள வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, நான் இருக்கும் ஆக்லாந்து நகரின் ஆல்பனிப் பகுதியில் ஒன்றுகூடல் நடத்துகிறதாம். நகரில் அந்தப் பெயர் உள்ள எல்லோருக்கும் அழைப்பு. குப்பையில் போட்டேன். எடுத்தேன். திரும்பவும் போட்டேன். சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி ரோல்ஸ் பலகாரம் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

மண்டப வாசலில் ஒரு வயதான அம்மா நிற அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த அவர்களுடைய முதல் தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம்.

"நீங்கள் எந்தக் கிளை?"

"ஒன்றுமில்லை" என்றேன். மருமக்களுக்கு உரிய அட்டையை நெஞ்சில் ஒட்டிவிட்டார்.

சுவர் நீளத்துக்கு வம்சப் படம். யாழ்ப்பாணம் என்று ஒரு மூலையிலாவது இருக்குமா என்று இரண்டு தரம் தேடினேன். இல்லை. உட்காரவும் முடியவில்லை, யாரோடும் கதைக்கவும் முடியவில்லை. கார் வரைக்கும் போய், ஒருவருக்கும் சொல்லாமல் போகிறோமே என்று திரும்பி வந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா பேச எழுந்தார். இங்கிலாந்துப் பதிவேடுகளைத் துருவி, பெயரின் வேரைக் கண்டுபிடித்துவிட்டாராம். பீப்பாய் செய்த முன்னோரைப் பற்றிக் கேட்க எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நம் முதல் ஆள் பீப்பாய் செய்தவர் இல்லை" என்றார். "தேவாலய வாசலில் யாரோ விட்டுப்போன பச்சைக் குழந்தை. பீப்பாய் செய்கிற ஒருவர் கண்டு தூக்கியிருக்கிறார். பாதிரியார் அவர் பெயரையே குழந்தைக்கு எழுதிவிட்டார். அதற்கு மேலே நமக்கு யாரும் இல்லை."

நீல அட்டை ஒட்டிய ஒருவர் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வெளியே வந்து மகளுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப, அது அவையின்ர பேரும் இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. எங்களைப் போலத்தான் அவையும்."

"அப்ப ஆரின்ர பேர்?"

"ஒரு பிள்ளையைத் தூக்கினவரின்ர பேர்" என்றேன். "பிள்ளைக்கு வை."