செல்லம்மா குடிக்காத தண்ணீர்

பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சுகாதாரப் பாடம் சொல்வது என் பொறுப்பு. கையைக் கழுவுங்கள், பார்த்து நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன பாடம்.

காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த செல்லம்மா அந்த வாரம்தான் வந்திருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஆனால் காலையில் கட்டிலருகே நான் வைக்கும் தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். ஒருநாள் என் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, நான் இவ்வளவு சொல்றது காதுல விழலையா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “மலையில ஒதுங்க எடமில்லைங்க மிஸ். வேலை வாங்குற கங்காணி வேற நின்னுக்கிட்டே இருப்பாரு. பகல்ல தண்ணி குடிக்காமலே பழகிருச்சு.”

அவரைக் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடியும் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து, “எந்நேரமும் போகலாங்களா?” என்றார்.

“போகலாம்மா.”

கட்டிலுக்குத் திரும்பியதும் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார்.

இப்போதெல்லாம் யார் புதிதாக வந்தாலும் முதலில் அந்தக் கதவைத்தான் காட்டுகிறேன்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு வந்ததும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிடிக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.