வெய்க்கோவின் ஆந்தைக் கோட்டு

வெய்க்கோ லம்பினனுக்கு இடது காது கேட்காது. இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது ஒரு வெடி முன்கூட்டியே வெடித்து அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. ஒரு காது போனால் மிச்சமுள்ளதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் முயல் வேட்டைக்குப் போகாதவர்கள். ஒற்றைக் காதுக்காரனுக்கு நாய் குரைப்பது நன்றாகவே கேட்கும். எந்தத் திசையில் குரைக்கிறது என்பதுதான் பிடிபடாது.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, எங்கள் சதுப்புக் காட்டில், பனிமுயலைத் துரத்த பீகிள் நாயை அவிழ்த்துவிட்டால் அதற்குப் பிறகு குரைப்பு மட்டும்தான் வழிகாட்டி. முயல் வட்டமடித்துத் திரும்பி வரும், நாய் குரைத்துக்கொண்டே பின்னால் வரும், குரைப்பு வருகிற பக்கம் பார்த்து நாம் துப்பாக்கியோடு இடம் மாறி நிற்க வேண்டும். வெய்க்கோ இடம் மாறமாட்டார். கிளம்பிய இடத்திலேயே நிற்பார். அவரைத் தேடி வர வேண்டியது நாயின் வேலை. கைசா என்ற அந்தப் பெண் நாய் ஒன்பது வருஷமாக அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்து வந்தது.

சில நாட்கள் அதுவும் வழி தவறும். அப்படி நாய் தொலைந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாயை அவிழ்த்துவிட்ட இடத்தில், உடுத்தியிருக்கிற கோட்டைக் கழற்றி, உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். விடிந்து வந்து பார்த்தால் நாய் அதன் மேல் சுருண்டு படுத்திருக்கும். காட்டோரம் இப்படி ஒரு கோட்டு கிடந்தால் யாரும் தொடமாட்டார்கள். வண்டிச் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிப் போவார்கள். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் குளிர்காலத்தில் ஒரு தடவை கோட்டு விரித்தால் வெய்க்கோ நாலு தடவை விரிப்பார். சட்டையோடு நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவார். அவர் மனைவி எல்மா, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் விறகைப் போட்டுச் சூடாக வைத்திருப்பாள்.

அந்தக் கோட்டு கருஞ்சிவப்புக் கம்பளிக் கோட்டு. தோள்பட்டையில் மஞ்சள் நூலில் ஓர் ஆந்தை தைத்திருக்கும். கம்பெனிப் பெயர் நீளமானது, அதனால் எல்லோருக்கும் அது ஆந்தைக் கோட்டுதான். எங்கள் வேட்டை கிளப்பில் அது இல்லாதவன் கிடையாது. நாங்கள் போட்டிருந்ததால்தான் அந்தக் கம்பெனி பெரிய கம்பெனி ஆனது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

ஒரு நவம்பரில் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. விற்கிற ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பங்கை ஒரு பிராணி நல அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுக்கிறதாம். கைவிடப்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் சோறு போடுகிற அமைப்பு, பார்க்க நல்ல காரியம்தான். ஆனால் அதே அமைப்புதான் நாய் வைத்து வேட்டையாடுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று நகரத்தில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது. ஓட்டெடுப்பு வரை போய் நாங்கள் மயிரிழையில் தப்பினோம். எங்கள் முதுகில் ஏறிப் பிழைத்தவன் எங்கள் காசையே எடுத்து எங்களை ஒழிக்கிறவனுக்குக் கொடுக்கிறான் என்றால் வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது. இப்போதும் அந்தக் கோபத்தில் தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நாங்கள் செய்தது வேறு கதை.

கிளப் தலைவர் ஹார்லன் கூட்டம் போட்டார். ஊரில் வேட்டைச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர்தான். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கிளப் மைதானத்தில், எல்லா ஆந்தைக் கோட்டுகளையும் குவித்துக் கொளுத்துவது, பத்திரிகைக்காரனை வரவழைப்பது என்று தீர்மானம். அதை எழுதியவன் நான், கிளப் செயலாளர் லியோ. எல்லோரும் கை தூக்கினார்கள். வெய்க்கோ மட்டும் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். சரியாகக் காதில் விழவில்லையோ என்று ஹார்லன் சத்தமாக மறுபடி கேட்டார்.

"கேட்டுச்சு," என்றார் வெய்க்கோ. "அந்தக் கும்பலை எனக்கும் பிடிக்காது. இனிமே அந்தக் கம்பெனிகிட்ட ஒரு பொத்தான் கூட வாங்க மாட்டேன். ஆனா இந்தக் கோட்ட எரிக்க மாட்டேன். கைசாவுக்கு கம்பெனி தெரியாது. கோட்டுதான் தெரியும்."

"அப்ப நீ நம்ம பக்கமா, ஆந்தை பக்கமா?"

"நான் நாய் பக்கம்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாளிலிருந்து அவர் பெயர் ஆந்தை. பெட்ரோல் போட வந்தால் யாராவது பின்னாலிருந்து ஆந்தை மாதிரி கூவுவார்கள். கூவியது யார் என்று பார்க்க அவர் தலையை இரண்டு பக்கமும் திருப்புவார், எந்தப் பக்கம் என்று தெரியாதே, அதைப் பார்த்து இன்னும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். இத்தனைக்கும் ஓட்டெடுப்பு நடந்த அன்று மழையில் நனைந்துகொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை சாவடி வாசலில் நோட்டீஸ் கொடுத்தவர் அவர். ஹார்லன் அன்று ஃப்ளோரிடாவில் இருந்தார்.

சுரங்கம் மூடிய பிறகு வெய்க்கோ கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டினார். வயதான பெண்கள் தனியாக இருக்கிற வீடுகளைக் கடக்கும்போது பனி தள்ளும் தகட்டைத் தூக்கிக்கொள்வார், வாசலில் பனி மேடு விழக்கூடாது என்று. அது விதிக்கு விரோதம். நாலு பேர் அதைச் சொல்லித்தான் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஆந்தை ஆன பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

கொளுத்துகிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை வெய்க்கோ கைசாவோடு சதுப்புக் காட்டுக்குப் போனார். மதியம் தாண்டியும் நாய் திரும்பவில்லை. இருட்டும் வரை காத்திருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி விரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வழியாக வந்த வண்டி எங்களுடையது. ஹார்லன் ஓட்டினார், நான் பக்கத்தில். நாளைக்குத் தீ மூட்டப் பழைய மரப்பலகை ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் திரும்பிக்கொண்டிருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் கருஞ்சிவப்புக் கம்பளி தெரிந்தது.

"பாருடா," என்றார் ஹார்லன். "கொண்டு வந்து குடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஆந்தை இங்க போட்டுட்டுப் போயிருக்கு."

நான் இறங்கினேன். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூக்கிப் போட்ட கோட்டு எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். இது விழுந்த கோட்டு இல்லை. இரண்டு கையும் விரித்து, உள்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. பத்து வயதிலிருந்து நாய் வைத்திருக்கிறவன் நான். கை ஒரு நொடி தயங்கியது. ஹார்லன் ஹாரன் அடித்தார். அவர் சொன்னது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எல்லோரும் ஒரே பக்கம் என்று ஆகிவிடும். எடுத்துக்கொண்டு வந்து பின்னால் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், கடுங்குளிர். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். பெண்கள் அடுப்பில் பாஸ்டி சுட்டார்கள், கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த ரொட்டி அது. முழங்கை கிழிந்தது, பொத்தான் போனது, எலி கடித்தது என்று பழைய கோட்டுகளாகப் பார்த்துக் கொண்டு வந்திருந்தார்கள். நல்லது வீட்டு அலமாரியில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல கோட்டைக் கொண்டு வந்து போட்ட ஏமாளிகள் நாலைந்து பேர், அதில் நான் ஒருவன். வெய்க்கோவின் கோட்டை ஹார்லன் ஒரு கழியில் குத்தி உயரப் பிடித்தார். கடைசி ஆந்தையும் வந்துவிட்டது என்று சொன்னார். கைதட்டினார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். கழியோடு அதை நெருப்பில் சாய்த்தார். கம்பளி சீக்கிரம் பற்றாது, முதலில் நாற்றம்தான் வரும். மயிர் கருகுகிற நாற்றம்.

அப்போதுதான் வெய்க்கோவின் வண்டி வந்தது. அவர் வெறும் ஸ்வெட்டரோடு இறங்கினார். எல்மா வண்டிக்குள்ளேயே இருந்தாள், மடியில் போர்வை மூடி எதையோ வைத்திருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு வெள்ளைக் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் நெருப்பைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவ வந்திருக்கா லியோ. காலைல போய்ப் பாத்தேன். கோட்டு கிடந்த இடத்த நாலஞ்சு சுத்து சுத்தியிருக்கா. அங்கயே கொஞ்ச நேரம் படுத்தும் இருந்திருக்கா, உடம்பு சூட்டுல பனி உருகி ஐசாயிருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு ஒரு பூட்ஸ் தடத்த மோந்துக்கிட்டு வண்டித் தடம் வரைக்கும் போயிருக்கா. அங்கேர்ந்து வண்டித் தடத்தப் பிடிச்சு ஹைவேக்குப் போயிட்டா. கோட்டத் தேடிக்கிட்டுப் போனா. மரம் ஏத்தற லாரி ஏதோ அடிச்சிருக்கு."

ஹார்லன் பக்கத்தில் வந்து, யாரோ தெரியாமல் எடுத்திருப்பார்கள் என்று ஆரம்பித்தார். வெய்க்கோ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பூட்ஸ் தடத்துல இடது குதிகால் தேஞ்சிருந்துச்சு," என்றார் என்னிடம். குனிந்து என் காலைப் பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷம் என்னோடு பனியில் நடந்தவர்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். தெரியாமல் என்று ஏதோ சொன்னேன். தெரிந்துதான் எடுத்தேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் திரும்பிப் போய் வண்டியைக் கிளப்பினார். பாஸ்டி தீய்கிறது என்று யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் நகர்ந்து போக ஒரு சாக்குக் கிடைத்தது.

மறுவாரப் பத்திரிகையில் கழியில் தொங்கிய கோட்டின் படம் முதல் பக்கத்தில் வந்தது. நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் படத்தை மற்ற மாநிலங்களின் கிளப்புகள் வெட்டி ஒட்டின. அங்கேயும் கொளுத்தினார்கள்.

ஏப்ரலில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. வேட்டைக்காரர்களின் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறார்களாம், இனிமேல் எந்த அமைப்புக்கும் நன்கொடை இல்லையாம். சமாதானத்துக்கு அடையாளமாக ஒரு பெட்டி நிறையப் புதுக் கோட்டு. ஹார்லன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார், எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டோம். அந்த வாரமே அவர் கடைக் கொக்கிகளில் ஆந்தைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. பெட்டியில் வந்ததில் ஒன்று வெய்க்கோவுக்கு என்று முடிவானது. அவர் கோட்டின் படத்தால்தானே போராட்டம் நாடு முழுக்கப் பரவியது என்று ஒருவர் சொன்னார். சீரியஸாகவே சொன்னார். கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செயலாளருக்கு.

போனபோது வெய்க்கோ வீட்டுக்குப் பின்னால் நாய்க்கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பலகைகளைச் சவுனா விறகோடு அடுக்கியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆணியைப் பிடுங்கினார். எல்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். கிளப் அனுப்பியது என்று சொல்லிக் கோட்டை நீட்டினேன். வேறு நாய் வாங்கப் போகிறீர்களா, எங்கள் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தார். நல்ல கம்பளி என்று தலையை ஆட்டினார்.

"இதுல என் வாசனை ஏறப் பத்து வருஷம் ஆகும் லியோ," என்றார். "எனக்கு வயசு அறுபத்தி ஒண்ணு. இனிமே யாருக்காக ஏத்தறது?"

திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

கிளப்பில் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். நன்றி சொன்னார் என்றேன். கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. என்னுடையதை எரித்துவிட்டேன் அல்லவா, அதனால் அதையே போட்டுக்கொள்கிறேன். நல்ல கோட்டு, குளிர் உள்ளே வருவதில்லை.