பிந்தி வந்த வலி

அடுப்படியிலிருந்து கார் இரையும் சத்தம் கேட்டது.

டீ போடுகிற சாக்கில் நர்கிஸ் செல்போனில் அந்தப் பழைய பந்தய வீடியோவை வேண்டுமென்றே சத்தமாக ஓடவிட்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சபீருக்குப் படத்தைப் பார்க்கத் தேவையில்லை. மூணாவது கியர். நாலாவது. இதோ நேர்பாதை முடிகிறது, பிரேக். ஒரு காலத்தில் இந்தச் சத்தம் காதில் விழுந்தால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தாலும் அவன் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். இன்று அது யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல நாற்காலிக்கடியில் கிடந்தது.

எதிரே சுப்புராஜ். அருப்புக்கோட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருந்து, பிறகு கோயம்புத்தூர் போய்ப் பந்தயக் கார் அணியே நடத்துகிறவர். சபீரை முதன்முதலில் பந்தயக் காரில் உட்கார வைத்தவர் அவர்தான். டீப்பாயில் அவர் கொண்டுவந்த தாளும் பேனாவும் இருந்தன.

"நர்கிஸுதாம்ப்பா போன் போட்டுச்சு. 'இவுக ரெண்டு வருசமா டயர்க்கடையில காத்தடைச்சுக்கிட்டுக் கெடக்காக, நீங்க வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாக'ன்னு அழுகுது. அடுத்த மாசம் சீசன் ஆரம்பம். ஒரு கார் உனக்குன்னு வச்சிருக்கேன். பயமெல்லாம் ரெண்டு ரவுண்டுல தெளிஞ்சிரும்லே."

பயம். சபீர் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான்.

சொந்த ஊரான வீரசோழனில், தன்னைப் பெற்ற அத்தா சுல்தானின் சரக்கு வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன். ரிப்பேருக்கு வந்த வேனை ஒர்க் ஷாப்பின் குறுகிய வாசலுக்குள் அவன் திருப்பிய விதத்தைப் பார்த்துத்தான் சுப்புராஜ் கூப்பிட்டார். சலூன் கார் பந்தயத்துக்குப் போகிறேன் என்றதும் ஊர்க் கடைத்தெருவே சிரித்தது. "கார்ல வச்சு முடி வெட்டுவாகளா? எங்களுக்கும் ஒரு சேவிங் பண்ணிவிட்டுப் போப்பா." வெளியே வீட்டுக் கார் போலவே இருக்கும், உள்ளே எல்லாவற்றையும் உருவிவிட்டு வேகத்துக்கென்றே பூட்டியிருப்பார்கள் என்று அத்தாவுக்கு விளக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

முதல் வருடம் மூன்று தடவை சுழன்று புல்லில் போய் நின்றான். நாலாம் வருடம் கோப்பை. சிரித்த கடைத்தெருவே பிளெக்ஸ் வைத்தது. அதிலும் 'சலூன் மன்னன்' என்றுதான் போட்டார்கள். அப்புறம் விளம்பரம் தந்த கம்பெனி விலகியது, ஓட்டக் கார் இல்லை. சவூதிக்குப் போய் மூன்று வருடம் தண்ணி லாரி ஓட்டினான். சுப்புராஜ் மறுபடி கூப்பிட்டார். வந்தான், ஜெயித்தான். அதற்கடுத்த சீசனில், கடைசிச் சுற்றில், பின்னால் வந்த கார் இடித்து உருண்டான்.

உயிர் தப்பியது. எழுந்து நடந்தான். வலது பாதத்துக்கு மட்டும் தரை தெரியவில்லை. சூடு, குளிர் எதுவும் தெரியவில்லை. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவர அவனுக்கு மனசு வரவில்லை. பயந்தவன் என்றால் ஒருநாள் பயம் தெளியலாம். கால் செத்தவன் என்றால் கதை அன்றோடு முடிந்தது. செருப்பு காலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டான். டாக்டர் சொன்ன திரும்பல் மட்டும் வரவில்லை. அதற்காக அழவும் இப்போது அவனுக்கு வரவில்லை.

நர்கிஸ் டீயும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லாக் கேளுங்கண்ணே. சலூன் மன்னன் இப்ப ஸ்கூட்டியக்கூடத் தொடமாட்டேங்கிறாக."

"சும்மா இரு."

"ரெண்டு வருசமாச் சும்மாதானே இருக்கேன். கையெழுத்தப் போடுங்க."

உடல் முழுத் தகுதியோடு இருக்கிறேன் என்றது தாள். பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய உள்ளங்கால் ஊமையாகிவிட்டதைக் கேட்க அதில் இடம் இல்லை. சபீர் பேனாவை எடுத்தான். 'ச' என்று எழுதினான்.

"ஏலே, அதென்ன தரையில?" என்றார் சுப்புராஜ்.

வாசலிலிருந்து நாற்காலி வரை சிவப்பாகக் காலடித் தடம். எல்லாம் வலது கால்.

"உங்க வண்டிக்கு எடம் காட்ட வெறுங்காலோட போனேன்ல, கருவமுள்ளு. அப்பவே வலிச்சுச்சு. பேச்சுல விட்டுட்டேன்."

நர்கிஸ் தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "யா அல்லா, ஒரு இஞ்சு உள்ள போயிருக்கே! பல்லக் கடிச்சுக்கங்க."

குனிந்திருந்த அவள் தலை காலை மறைத்தது. சபீர் சுப்புராஜின் முகத்தையே பார்த்தான். இப்போது வலிக்க வேண்டும். எப்போது? நொடியை நூறாகப் பிரித்து வண்டி ஓட்டியவன் அவன். மனசுக்குள் எண்ணினான்.

"ஸ்ஸ்... ஆ!"

நர்கிஸ் நிமிர்ந்தாள். முள்ளை அவள் எப்போதோ பிடுங்கியாயிற்று. துப்பட்டா நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதே முள்ளின் நுனியை அவன் குதிகாலில் வைத்து அழுத்தினாள். சபீர் சுப்புராஜைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "சின்ன முள்ளுதாண்ணே."

சுப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்றாள் நர்கிஸ்.

அப்போதுதான் குனிந்து அவள் கையைப் பார்த்தான். "உருண்டதுல இருந்து."

"பயந்தாங்கொள்ளின்னு வாய் நிறையத் திட்டுனேனே... அப்ப அது பயம் இல்லையா?"

"இல்ல."

அவள் கண் கலங்கிற்று. அவனுக்கு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். மடியில் கிடந்த கால் போலவே இருந்தது.

சுப்புராஜ், ஒற்றை எழுத்து விழுந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"டீ ஆறிருச்சுண்ணே. சுட வச்சுத் தாரேன்."

"வேணாந் தங்கச்சி. போகணும்."

"அந்தக் காருண்ணே?" என்றான் சபீர்.

"அதுக்கு வேற ஆளப் பாக்கணும்லே. கூட ஓட்டுற புள்ளைக உசுரும் இருக்குல்ல. வாரேன்."

"இருங்க, வண்டிக்கு எடம் காட்டுறேன்."

"வேணாம். நானே எடுத்துக்கிருவேன்."

வெளியே அவருடைய கார் பின்னால் வந்து திரும்பியது. முதல் கியர். இரண்டாவதைச் சற்றுத் தாமதமாகப் போட்டார். மூன்றாவது விழுவதற்குள் நர்கிஸ் கதவைச் சாத்தினாள்.