மடங்காத விரலுக்கு ஒரு கியர்

பங்சார் மேட்டில் ஒரு கொண்டோவில் எனக்கு ஜாகா வேலை. பகல் காவல். காலை ஆறு மணிக்கு இரவு ஜாகாவிடம் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடாமல் அவன் கேட்டை விட்டு நகர முடியாது. அங்கே அதுதான் முறை.

அவன் என்னைவிட ரொம்பச் சின்னவன். இரவு முழுக்கக் காவல் இருந்துவிட்டு, ஆறேகாலுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போவான். நான் பிந்தினால் பிள்ளைகள் வாசல் வாசலாக நிற்கும்.

வீடு பிரிக்பீல்ட்ஸில். பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு மேட்டுக்குப் பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிளை மகன் எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எனக்குக் கியர் இல்லாத பழைய சைக்கிள். முதலில் பாதி மேட்டில் இறங்கித் தள்ளினேன். முட்டி வலி வந்த பிறகு அடிவாரத்திலேயே இறங்கினேன்.

ஒரு நாள் இருபது நிமிடம் பிந்திவிட்டது.

"ஆறு இருபதுன்னு எழுதிட்டேண்ணே. தப்பா நெனைக்காதீங்க. வேன் ஏன் லேட்டுன்னு அங்க என்னையத்தான் புடிக்கிறாங்க" என்றான்.

"எழுது" என்றேன்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து புத்தகத்தைப் புரட்டினார். "மூணு தடவ லேட்டுன்னா கிள்ளான் குடோனுக்கு மாத்திருவேன். அங்க ராத்திரி வேலதான். இது ஒன்னு" என்றார்.

இரவு வேலை எனக்கு ஆகாது. மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து இரண்டு வருடம். பகலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். இரவில் தூக்கி உட்கார வைக்க நான்தான். மகன் களைத்து வந்து கட்டையாகத் தூங்குவான். இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு ஆள் வேண்டும்.

அந்த மாதம் கொண்டோவில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பினார். அவருடைய மலை சைக்கிள் குப்பை அறைப் பக்கம் நின்றது. எடுத்துக்கொள் என்றார். தடித்த டயர். பின்னால் ஏழு பல்சக்கரம்.

கியர் மாற்றுகிற லீவர் ஹேண்டலுக்கு அடியில் இருந்தது. இரண்டு சின்ன லீவர். இரண்டையும் கட்டை விரலால்தான் தள்ள வேண்டும். என் வலது கட்டை விரல் மடங்காது. செந்தூலில் இரும்புப் பட்டறையில் வேலை செய்தபோது தகடு அழுத்துகிற அச்சு மெஷினில் மாட்டிக்கொண்டது. தைத்துவிட்டார்கள். விரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போனேன். கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே. தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழிலேயே பேசுவார். விரலைக் காட்டினேன்.

"இந்த வெரலுக்கு அடி லீவர் சரி வராது லா. இத பாரு அண்ணே, முறுக்கு கியர். புது மாடல். வெரலே வேணாம். மோட்டார் மாதிரி கைய திருப்பு, போதும்."

கையைப் பிடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். சுலபமாக இருந்தது. இருபது வருடம் மோட்டார் ஓட்டிய கை.

"வேற இல்லையா?"

அவர் ஒரு தகர டப்பாவைக் காலால் தள்ளினார். உள்ளே துருப்பிடித்த சாமான்கள். மேலே பழைய லீவர் ஒன்று கிடந்தது. ஹேண்டலுக்கு மேலே நிற்கிற வகை.

"அது பழசு. அதுக்கும் கட்ட வெரல்தான். இப்ப யாரும் கேக்கிறதில்ல."

முறுக்கு கியரையே மாட்டச் சொன்னேன்.

மூன்று நாள் நன்றாகப் போனது. மேட்டில் மெதுவாக என் பக்கம் திருப்பினால் மிதி லேசாகும். இறங்காமல் ஏறினேன். ஐந்து ஐம்பதுக்கே போய் நின்றேன்.

நான்காம் நாள் மழை. மேட்டுக்கு முன்னால் சமவெளிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் லோரி. ஹாரன் விட்டுக்கொண்டே வந்தது. வேகமாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் கை தானாக முறுக்கியது, மோட்டாருக்கு வேகம் கூட்ட எண்ணெய் கொடுக்கிற மாதிரி. சங்கிலி பின்னால் பெரிய பல்லுக்கு ஏறி, மேட்டில் போல மிதி லேசாகிவிட்டது. கால் சும்மா சுற்றியது. சைக்கிள் போகவில்லை. மிதி வழுக்கி ஓரத்துக் கால்வாயில் விழுந்தேன். லோரி நிற்காமல் போனது.

முட்டியில் ரத்தத்தோடு மேட்டைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். ஆறு பதினெட்டு.

என்ன ஆச்சு என்று இரவு ஜாகா கேட்டான். சொன்னேன்.

"சைக்கிள முறுக்குனீங்களா? எண்ண ஊத்தியிருந்தீங்களாண்ணே?"

நான் சிரிக்கவில்லை. அவன் துணி எடுத்து வந்து முட்டியைக் கட்டிவிட்டான். பிறகு புத்தகத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினான்.

"நேரத்த நீங்களே எழுதுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினான்.

ஆறு என்று எழுதியிருக்கலாம். ஆனால் அவனுடைய வேன் பிள்ளைகள் காத்து நின்றது எல்லாருக்கும் தெரியும். ஆறு பதினெட்டு என்றே எழுதினேன்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் இரண்டு விரலைக் காட்டினார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன்.

"புடிக்கலையா?" என்றார் தவுக்கே.

"கை மறக்க மாட்டேங்குது."

"பழகிரும் லா. ஒரு மாசம்."

"எங்கிட்ட ஒரு மாசம் இல்ல, தவுக்கே."

டப்பாவிலிருந்து பழைய லீவரை எடுத்தேன். ஹேண்டல் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, விரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் முன்னே தள்ளினேன். போனது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் இழுத்தேன். வந்தது. பல முறை செய்தேன். கடையில் வேறு ஆள் காத்திருந்தார். தவுக்கே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல கிளிக் இல்ல அண்ணே. நீயே தேடிப் புடிக்கணும். சரியா விழலன்னா சங்கிலி கத்தும்."

"கத்தட்டும். முறுக்க முடியாதுல்ல?"

"அது முடியாது."

"அப்ப மாட்டுங்க."

மாட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சந்துகளில் ஓட்டிப் பழகினேன். சங்கிலி கரகரவென்றால் கொஞ்சம் தள்ள வேண்டும். சத்தம் நின்றால் விட்டுவிட வேண்டும். பட்டறையில் மெஷின் சத்தம் கேட்டு வேலை செய்த காதுக்கு அது கஷ்டம் இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் மழை. அதே சாலையில் பின்னால் ஒரு பஸ். கை முறுக்கத்தான் செய்தது. ரப்பர் பிடி அசையவில்லை. சைக்கிள் அதன் பாட்டுக்குப் போனது. பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

மேட்டில் லீவரை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஏறினேன். கடைசி வளைவில் கால் ஓய்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினேன். அந்த வளைவில் அதற்குப் பிறகும் நிறைய நாள் இறங்கியிருக்கிறேன்.

கேட்டில் அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அஞ்சு அம்பத்தாறு. இன்னிக்கு எண்ண போடலையா?"

"கையெழுத்து எங்க?" என்றேன்.

இடத்தைக் காட்டினான். போட்டேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனான். நான் ஈரச் சட்டையைப் பிழிந்து நாற்காலியில் போட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு வரைக்கும் இருக்க வேண்டும்.