தைத்து மூடிய பக்கம்

தையல்காரம்மாவின் கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு லேசில் கிளம்ப மாட்டார்கள். மூலையில் இடுப்பளவு உயரத்துக்குக் கிடக்கும் பழைய பெண்கள் பத்திரிகைகளில் ஒன்றை உருவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மைக்கறை போக்க வழி, வாராவாரம் அழும் தொடர்கதை நாயகி, பவுடர் விளம்பரத்தில் சிரிக்கும் கொண்டைக்காரி. 'கணவர் மனம் கோணாமல் நடப்பது எப்படி' என்று ஒரு கட்டுரை. அதற்கு அடுத்த பக்கத்திலேயே 'கணவர் அடிக்கிறார், என்ன செய்வது' என்று ஒரு வாசகி கேட்டிருப்பாள். பத்திரிகைக்காரர்களின் கண்ணில் அது படவே இல்லை போலும்.

ஓர் இதழில் மட்டும் இரண்டு தாள்களைச் சேர்த்து மெஷினில் தைத்து வைத்திருந்தாள் தையல்காரம்மா. உள்ளே இருந்தது, முப்பது வருடத்துக்கு முன் டாக்டர் கேள்வி-பதில் பகுதிக்கு அவள் எழுதிய கடிதம். கிழித்துப் போட்டிருக்கலாம். வெளிப்பக்கத்தில் குழந்தைச் சட்டை தைக்க நல்ல மாதிரிப் படம் ஒன்று இருந்ததே, மனசு வரவில்லை. ஓரங்களில் தையல் போட்டுவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தாள். தைத்து மூடியதைக் கண்டால் எவளுக்குத்தான் பிரிக்கத் தோன்றாது?

பிரித்தது அவள் மகள். பிள்ளை பெற்று ஆறு வாரமாகத் தாயோடு இருந்தாள். பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், எல்லாம் கடனே என்று. கொஞ்சுவது மட்டும் கிடையாது. கேட்டால் "தூக்கம் போதலை" என்பாள். அது என்னவென்று தையல்காரம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொல்லப்போனால் தன் கதையையும் சொல்ல வேண்டும். 'அப்போ என்னை உனக்குப் பிடிக்கலையா' என்று மகள் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

குழந்தைச் சட்டைக்கு மாதிரிப் படம் தேடப் போன மகள் அன்று மத்தியானம் அந்த இதழோடு வந்து நின்றாள்.

"இந்தம்மாவப் பாரேன். மகனைத் தூக்கவே பயமா இருக்காம், பாசமே வரலையாம். நான் மனுஷிதானான்னு கேட்டிருக்காங்க." தையல் பிரித்த பக்கத்தை அம்மாவிடம் நீட்டினாள். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. இவங்களுக்குச் சரியாச்சோ என்னவோ."

மெஷினை மிதித்த கால் நின்றது. இனியும் மறைத்தால் நானெல்லாம் ஒரு தாயா என்று இருந்தது தையல்காரம்மாவுக்கு.

"சரியாச்சு," என்றாள். "மகன்னு எழுதினது பொய். தெருவுல யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னுதான். பொறந்தது பொண்ணு."

மகள் பத்திரிகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நானா?"

"நீதான். உன்மேல ஒரு குத்தமும் இல்லடி. எனக்கு உடம்புக்கு முடியாம போச்சு. அது வியாதின்னே அப்பத் தெரியல."

மகள் என்ன சொல்வாளோ என்று தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். அப்பாடா என்று இருந்தது தையல்காரம்மாவுக்கு. முப்பது வருடமாகப் பயந்தது இதற்குத்தானா?

"எத்தனை நாள்ல சரியாச்சு?"

"அஞ்சு மாசம்."

"ரெண்டே மாசம்னு டாக்டர் போட்டிருக்காரே."

"அவரு என்ன புள்ளையா பெத்தாரு?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஆறு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"எனக்கு வாய்விட்டுச் சொல்ல ஆளில்ல, பத்திரிகைக்கு எழுதினேன். உனக்கு நான் இருக்கேன். நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட நேர்லயே போவோம்."

"நாளைக்கு எதுக்கும்மா? இப்பவே போலாம்," என்று மகள் எழுந்து செருப்பைத் தேடினாள்.