சாப்பாட்டு மேஜையில் ஒரு ரயில்

எங்கள் ஷூ கம்பெனிக்குத் தரம் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த ஜெர்மன்காரர், ஓய்வு பெறுவதற்கு முன் வந்த கடைசிப் பயணத்தில் ஒரு பெரிய பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். "உங்கள் மகளுக்கு" என்றார். மகளைப் பற்றி எப்போதோ அவரிடம் பேசியிருக்கிறேன். நர்ஸாக அயர்லாந்து போன என் மனைவி அவளையும் அங்கே அழைத்துக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். நானும் அங்கே போவதற்கான விசா மட்டும் ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே பொம்மை ரயில் இருந்தது. ஆம்பூர் வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தண்டவாளத்தைப் பூட்டினேன். கண்ட்ரோலரின் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே எஞ்சின் வெடுக்கென்று பாய்ந்தது. பின்னால் இருந்த பெட்டிகள் கவிழ்ந்தன.

கையேட்டைப் படித்தேன். எஞ்சினுக்குள் டிகோடர் என்று நகம் அளவு ஒரு சர்க்யூட் இருந்தது. எவ்வளவு மின்சாரத்தில் அசைய வேண்டும், வேகம் எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும், எவ்வளவு நிதானமாக இறங்க வேண்டும் என்பதை எண்களாக அதில் பதிய வேண்டும். எஞ்சினை மட்டும் தனித் தண்டவாளத் துண்டில் நிறுத்திக் கண்ட்ரோலரில் எண்ணை அழுத்தினால், அது லேசாக ஒரு துள்ளு துள்ளும். பதிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டில் நான் சொன்னதற்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்ததும் அதே வேலையாக இருந்தேன். எண்ணை மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன், மறுபடியும் மாற்றுவேன். பக்கத்து வீட்டு பாய், தோல் ஃபினிஷிங்கில் சூப்பர்வைசர், டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"இன்னா சார், கரண்ட் கம்மியா? நகரவே மாட்டேங்குது."

"நகருது பாய். பாத்துக்கினே இருங்க."

அவர் பார்த்தார். சக்கரம் திரும்புவதே தெரியாமல் ரயில் கிளம்பியது.

"நம்ப ஸ்டேஷன்ல கூட்ஸ் இப்டிதான் கிளம்பும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். ரயிலைப் பற்றிச் சொன்னேன். சத்தத்தைக் கேட்கட்டும் என்று ரிசீவரை மேஜைப் பக்கம் நீட்டிப் பிடித்து, ரயிலை ஓடவிட்டேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலயேப்பா."

கேட்காதுதான். அவ்வளவு அமைதியாக ஓடும்படி நானே பதிந்துவைத்திருந்தேன். அவளுக்குக் கேட்டாக வேண்டும் என்று குமிழை முழுக்கத் திருப்பினேன். ரயில் வேகம் பிடித்தது. வளைவில் அது சாய்வதைப் பார்த்ததும் பயந்து குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் மெதுவாக நிற்கச் சொல்லிக் கொடுத்திருந்தேனே. அது நிற்கவில்லை. அடுத்த வளைவில் தடம் விலகி, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது.

"இப்பக் கேட்டுச்சு. இன்னாப்பா உடஞ்சுது?"

"ஒண்ணுமில்லம்மா. டம்ளர் விழுந்துட்ச்சு."

அதற்குள் மனைவி போனை வாங்கிச் சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினேன். அழுகை வந்தது. பொம்மைக்காக இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பாய் மறுநாள் கம்பெனியிலிருந்து சோல் ஒட்டும் சொல்யூஷன் கொஞ்சம் கொண்டுவந்தார். உடைந்த கொக்கியை ஊசிமுனையால் தொட்டுத்தொட்டு ஒட்டினோம். எஞ்சின் ஓடியது.

அடுத்த ஞாயிறு மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். "நிக்கிறதுக்கு இன்னா நம்பர் போட்டிருக்க? பாதியாக்குப்பா" என்றாள். ஆக்கினேன். சரியாக நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் ஒரு எண் சொல்வாள், நான் பதிந்து, ரயில் எப்படி ஓடியது என்று சொல்வேன். அந்தச் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

பிறகு அவளுக்குப் பரீட்சைகள் வந்தன, புதுத் தோழிகள் வந்தார்கள். ஒரு வாரம் அவள் எண் எதுவும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அங்கே மழையா என்று கேட்டேன். எப்பவும் மழைதான் என்றாள்.