புயல்தூதனோட பழைய மூக்கு

இன்னைக்குப் பழைய காமிக்ஸ் சந்தையில யாரைப் பார்த்தோம் தெரியுமா? ஜூல்ஸ் ஸ்டோன். ஆமாங்க, காமிக்ஸ் வீரன் புயல்தூதனை முதன்முதலா வரைஞ்ச அதே ஜூல்ஸ் ஸ்டோன். மன்ஹாட்டன் ஹோட்டலோட கீழ்த்தள ஹால்ல, பழைய இதழ் விக்கிற ரோசலியோட மேசை முன்னாடி, டை கட்டி, தொப்பியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வர்றவங்க போறவங்க மூக்கையெல்லாம் பார்த்துக்கிட்டு நின்னாரு.

மூக்கு பார்க்குறது அவரோட பழக்கம். சப்வே ரயில்ல எதிர்ல யார் உட்கார்ந்தாலும் அவங்க மூக்கை விரலால முழங்கால் மேல வரைவாராம். "ஒருத்தி கைப்பையால அடிச்சா. அவ பக்கம் நியாயம் இருக்கு"ன்னு சொல்லும்போது அவருக்கே சிரிப்பு.

இப்ப அவர் பிழைப்பு பிரைட்டன் பீச்சுல மீன் கடைக் கண்ணாடியில வெள்ளைப் பெயிண்டால எழுதுறது. கெண்டை வந்திருக்கு, ஹெர்ரிங் வந்திருக்குன்னு. மறுநாள் கடைக்காரரே தேய்ச்சு அழிச்சிடுவாரு. "அழிச்சா அழிக்கட்டும். திருத்தச் சொல்ல மாட்டாங்கல்ல"ங்கிறாரு.

அப்பா வெச்ச பேரு ஜூலியஸ் ஸ்விர்ஸ்கி, யூதக் குடும்பம். போருக்கு முன்னாடி, மீசை சரியா முளைக்காத வயசுல ஒரு காமிக்ஸ் பட்டறைக்குப் போனாரு. வரிசையா மேசை. ஒருத்தன் பென்சில், அடுத்தவன் மை, அதுக்கடுத்தவன் எழுத்து. எடிட்டர் முதல் நாளே பேரை மாத்திட்டாரு. "ஸ்விர்ஸ்கின்னு அட்டையில போட்டா வாங்குறவன் நாக்கு சுளுக்கிக்கும்டா பையா."

போஸ் கொடுக்க ஆள் வெச்சுக்க வசதியில்ல. அண்ணன் ஹெஷி இருந்தாரே, ரொட்டி வண்டி ஓட்டுறவரு. தோள் அகலம், நடுவுல நல்லா வளைஞ்ச மூக்கு. அவரை மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போய், வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு விரிக்கிற மேசைத்துணியைத் தோள்ல ஊக்குக் குத்தி, புகைபோக்கி மேல ஏத்தி விட்டாரு ஜூல்ஸ். கீழேயிருந்து அம்மா கத்துறாங்க: "டேய், அவன் விழுந்தா விழட்டும், துணியைக் கிழிச்சீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது!" புயல்தூதன் பிறந்தது அப்படித்தான். முதல் இதழ் அஞ்சாம் பக்கத்துல அவன் முகமூடியைக் கழட்டுவான் பாருங்க, பக்கவாட்டுல, பெரிய கட்டத்துல. அந்த இதழ்ல முகம் தெரியிறது அங்க மட்டும்தான். அச்சு அசல் ஹெஷி.

இதழ் நல்லா வித்துச்சு. எடிட்டர் கூப்பிட்டாரு. "வீரன் பிரமாதம். மூக்கு மட்டும் நம்ம தெருவை விட்டு வெளியே வரமாட்டேங்குது. நேராக்கிடு." சொன்னவர் மூக்கும் அதே வளைவுதான். ரெண்டாம் இதழ்லேர்ந்து புயல்தூதனுக்கு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி மூக்கு.

ஹெஷி புரட்டிப் பார்த்தாரு. "ஏன்டா, பறக்கும்போது என் மூக்கு காத்துல இடிக்குதாமா?"ன்னு கேட்டுச் சிரிச்சாரு. ஆனா அதுக்கப்புறம் மாடிக்கு வரவே இல்ல.

போர் வந்துச்சு. ஹெஷி இத்தாலிக்குப் போனாரு. தெருத்தெருவா பழைய பேப்பர் சேர்க்க வந்தவங்க, தோட்டா அடைக்கிற அட்டைப்பெட்டி செய்யணும்னு சொன்னதும், தன்கிட்ட இருந்த இதழையெல்லாம் கட்டோட தூக்கிக் கொடுத்தது ஜூல்ஸேதான். அண்ணனுக்கு அனுப்புறோம்னு நினைப்பு. அச்சானதும் அசல் தாள்களைக் குப்பையில போடுறது பட்டறையோட வழக்கம். ஹெஷி திரும்பி வரல. கேமராவைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிற மனுஷன் அவரு. ராணுவத்துல எடுத்த ஒரே படத்தை அம்மா தன்னோட சவப்பெட்டிக்குள்ள வெக்கச் சொல்லிக் கொண்டுபோயிட்டாங்க.

"அண்ணன் முகத்தை நீங்களே வரையலாமே"ன்னு கேட்டோம். கையை விரிச்சுக் காட்டினாரு. "எத்தனை வருஷம் நேரா போட்டேன் தெரியுமா கண்ணு. இந்தக் கைக்கு இப்ப அது மட்டும்தான் வருது. வளைச்சாலும் வேற யாரோ ஒருத்தன் வர்றான்."

ரோசலி மேசையில பிளாஸ்டிக் உறையில முதல் இதழ் இருக்கு. மாசாமாசம் வந்து பார்த்துட்டுப் போவாராம். அட்டையில புயல்தூதன் முதுகு மட்டும்தான் தெரியும். பிரிச்சுக் காட்டச் சொல்ல இத்தனை நாள் கூச்சம். இன்னைக்குத்தான் கேட்டாரு. "பிரிச்சா விலை இறங்கிடும் பெரியவரே, வாங்குறவங்களுக்குத்தான் பிரிப்பேன்"னா ரோசலி. அவரு மெதுவா, "இதை வரைஞ்சது நான்தாம்மா"ன்னாரு.

"போன மாசம் ஒருத்தரும் இதையேதான் சொன்னாரு"ன்னா அவ. ஆனா அவரு தொப்பியை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்ன விதத்தைப் பார்த்துட்டு உறையைப் பிரிச்சிட்டா. கையைக் கோட்டுல துடைச்சுக்கிட்டு ஒவ்வொரு தாளா திருப்பினாரு. மூணு. நாலு. அஞ்சு.

அஞ்சாம் பக்கத்துல ஓட்டை. பின்பக்கம், தபால்ல அனுப்பினா பொம்மை விசில் வரவழைக்கிற கூப்பன் இருந்திருக்கு. எந்தக் காலத்துலயோ யாரோ ஒரு பொடியன் கத்தரியால அழகா வெட்டி எடுத்திருக்கான். ஹெஷி முகம் அந்தக் கூப்பனோட போயிடுச்சு. ரோசலிக்கே தெரியாது. "ஐயோ, நான் எண்ணித்தான் வாங்கினேன், பக்கம் எல்லாம் இருந்துச்சு"ன்னு முழிக்கிறா.

அவரு ஓட்டை ஓரத்தை விரலால தடவினாரு. "விசிலாவது வந்து சேர்ந்துச்சோ என்னமோ அந்தப் பொடியனுக்கு"ன்னாரு. அப்புறம் ஓட்டைக்கு அடியில ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, பென்சில் வாங்கி, முடி போட்டாரு, காது போட்டாரு, தாடையைப் போட்டாரு. மூக்கு இடத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துட்டாரு.

படிக்கிறவங்களே, உங்க வீட்டுப் பரண்ல, மாமா பெட்டியில, எங்கயாவது முதல் இதழ் இருந்தா அஞ்சாம் பக்கத்தைப் பாருங்க. இல்லன்னா நாங்க எழுதின இதை நாலு பேருக்குக் கொடுத்துத் தேடச் சொல்லுங்க. கூப்பன் வெட்டாம இருந்தா அடுத்த மாசச் சந்தைக்கு எடுத்துட்டு வாங்க. ரோசலி மேசைகிட்ட ஜூல்ஸ் இருப்பாரு. விக்க வேண்டாம், கொடுக்க வேண்டாம். பிரிச்சு அவர் முன்னாடி கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்.